கணவனைப் பாடியது கலகமா?

பதினேழாம் நூற்றாண்டு மாசசூசெட்ஸின் இரு பியூரிட்டன் கவிகளை எதிரெதிர்த் தட்டுகளில் நிறுத்தி நிறுத்துப் பார்த்திருக்கிறது, அண்மையில் வேறொரு இதழில் வந்த கட்டுரை. கணவனைப் பாடிய ஆன் பிராட்ஸ்ட்ரீட் கலகக்காரியாம். கிறிஸ்துவைப் பாடிய எட்வர்ட் டெய்லர் சபையின் குரலாம். வாசிக்கச் சுகமான சூத்திரம்தான், பதிப்பு வரலாறுதான் இடிக்கிறது. கணவனுக்கு ஆன் எழுதிய கவிதைகள் அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1678இல், பாஸ்டனிலேயே அச்சேறின. அடுத்த ஆண்டே அந்தக் கணவர் சைமன் காலனியின் ஆளுநரானார். டெய்லரோ 1729இல் வெஸ்ட்ஃபீல்டில் இறந்தார். அவருடைய கையெழுத்துப் பிரதி யேல் நூலகத்தில் கிடந்து 1930களில்தான் அச்சைக் கண்டது. கலகத்தை ஊரே அச்சிட்டது, ஊரின் குரலை யாரும் கேட்கவில்லை என்று நாம் நம்ப வேண்டும்!

பியூரிட்டன் என்றாலே உடலை வெறுத்தவன் என்ற பழைய கேலிச்சித்திரத்திலிருந்துதான் இந்தக் குழப்பம் தொடங்குகிறது. துறவை ரோமுக்கு விட்டுவிட்டு, தம்பதியரின் அன்பைக் கடமையாகவே பிரசங்கித்தவர்கள் அவர்கள். வரலாற்றாசிரியர் எட்மண்ட் மார்கன் 1940களிலேயே இதை எழுதி முடித்துவிட்டார். அவர்களை அச்சுறுத்தியது அன்பின் அளவு: படைத்தவனை மிஞ்சிப் படைப்பை நேசித்துவிடுவோமோ என்ற பயம். ஆனின் பதற்றமும் அங்கேதான் இருக்கிறது. பொதுப்பணிக்காக வெளியூர் போன கணவனைச் சூரியனாக்கி, அவன் மகர ராசிக்குப் போய்விட்டதால் தன் பூமி உறைந்துகிடக்கிறது என்று புலம்பும் அந்தக் கவிதைக்கு இணையான விரகத்தை அக்கால ஆங்கிலத்தில் எளிதில் காட்ட முடியாது. அவன் தந்த வெப்பத்தில் பிறந்த பிள்ளைகளைக்கூடக் கூச்சமின்றிக் குறிப்பிடுகிறார். ஆனாலும் முடிவில் அவர் ஊன்றி நிற்பது ஆதியாகமத்தின் எலும்பும் மாம்சமும்தான். 1666இல் எரிந்த வீட்டைப் பற்றிய கவிதையில் தன்னையே கடிந்துகொள்வது வெறும் ஒப்புக்கு என்பார்கள். துக்கம் அசல், கண்டிப்பு போலி என்று பிரித்துக் காட்டும் அளவுகோல் எது? இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதுதான் பியூரிட்டன் ஆத்மசோதனை.

உடல் கூடுதலாகக் கொதிப்பது உண்மையில் டெய்லரிடம்தான். 1682 முதல் 1725 வரை, திருவிருந்துக்குத் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்ள எழுதிய இருநூறுக்கு மேற்பட்ட தியானங்களில் இந்தப் போதகர் மணவாட்டியாகிறார்; முத்தமும் நறுமணமும் சாலமோனின் உன்னதப்பாட்டிலிருந்து இறங்கிவருகின்றன. உடனே நாயகி பாவத்தை இழுத்துவர நம்மவர்களுக்குக் கை துறுதுறுக்கும். வேண்டாம், ஊற்று சாலமோன், வாய்க்கால் அதற்கு உரை சொன்ன இடைக்காலத் துறவி பெர்னார்ட். குழந்தைகளைப் பறிகொடுத்த தகப்பனாகவும் டெய்லர் எழுதினார். கட்டுரையாளர் அதைத் தொடவே இல்லை. தொட்டிருந்தால் தட்டுகள் ஆடியிருக்கும். பெண் எழுதினால் மீறலையும் ஆண் எழுதினால் தத்துவத்தையும் முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு கவிதைக்குள் நுழையும் இந்த விமர்சனம், பெண்ணியம் என்ற பெயரில் பெண்ணின் இறையியலைப் பிடுங்கிக்கொள்கிறது. ஆன் வேதத்தோடு வாதிட்டவர். அந்த வாதத்தைப் பின்தொடர வேதத்தைப் படித்தாக வேண்டும், அதற்குத்தான் நம் கோட்பாட்டாளர்களுக்கு நேரமில்லை.