குடிமையும் குடியுரிமையும்

திருக்குறளின் 96ஆம் அதிகாரத்துக்குக் 'குடிமை' என்று பெயர். நற்குடியில் பிறந்தோரின் தன்மையை அச்சொல் அங்கே குறிக்கிறது. இன்று பள்ளிப் பிள்ளைகள் 'குடிமையியல்' என்று படிப்பது வேறு. அது நாட்டுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு. குடும்பத்தைக் குறித்த சொல் நாட்டைத் தொட்டு விரிந்தபோது பழைய பொருள் கழன்றுவிட்டது என்று கூறுவதுண்டு. கழலவில்லை என்பதே என் கட்சி. குடியுரிமை இன்றும் பெரும்பாலோருக்குத் தாயமாகவே வருகிறது. யாருக்கு, எந்த மண்ணில், எந்தத் தேதியில் பிறந்தோம் என்பதை வைத்தே அது தீர்மானிக்கப்படுகிறது. பிறப்பு ஒக்கும் என்று பேசுகிற நாம் இதைப் போதுமான அளவு யோசிப்பதில்லை.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ ஓர் உறவினராவது இல்லாத தெரு எனக்குத் தெரிந்து அரிது. (கடாரம் வென்றவன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்தக் கடாரத்துக்கு நம்மவர் இப்போது வேலை அனுமதிச் சீட்டோடு போகிறார்கள்.) கல்யாணப் பேச்சில் 'பையனுக்கு இரட்டைக் குடியுரிமை' என்று ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழுகிறது. நகை, சீர் வரிசையில் இதுவும் ஒன்றாகிவிட்டது. அப்படி ஒன்று இந்தியச் சட்டத்தில் இல்லை என்பதைப் பெண்வீட்டார் பெரும்பாலும் பிறகுதான் அறிகிறார்கள்.

அரசியலமைப்பின் 9ஆம் உறுப்பும், 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவும் சொல்வது ஒன்றே: தானாக விரும்பி வேற்று நாட்டுக் குடியுரிமையைப் பெற்றவர் அந்தக் கணமே இந்தியக் குடிமகனாக இல்லாமற் போகிறார். 2005இன் இறுதியில் நடைமுறைக்கு வந்த ஓ.சி.ஐ. அட்டையைத்தான் மக்கள் இரட்டைக் குடியுரிமை என்கிறார்கள். ஆங்கிலப் பெயரிலேயே 'குடியுரிமை' என்ற சொல் இருப்பதால் வந்த மயக்கம் இது. உண்மையில் அது ஆயுட்கால விசா. அதை வைத்திருப்பவருக்கு வாக்கு இல்லை. அரசியலமைப்புப் பதவிகள் இல்லை. விவசாய நிலம் வாங்க முடியாது. தகப்பனின் பருத்திக் கொல்லை வாரிசாக வரலாம், அடுத்த கொல்லையை விலைக்கு வாங்கலாகாது.

மனைவிக்கு இது எப்படிப் போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். இந்தியரையோ ஓ.சி.ஐ. அட்டைக்காரரையோ மணந்த வெளிநாட்டவர், திருமணம் பதிவாகி இரண்டாண்டு நீடித்த பின்னரே அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மணமுறிவு ஏற்பட்டால் அந்த அட்டையை அரசு ரத்து செய்யவும் இடமுண்டு. இந்தியக் குடியுரிமையே வேண்டுமென்றால், இந்தியரின் கணவனோ மனைவியோ இங்கே ஏழாண்டு வாழ்ந்திருக்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் விதி ஒன்றே என்பது ஓர் ஆறுதல். மலேசியாவில் அப்படியில்லை. அந்நாட்டு ஆணை மணந்த வெளிநாட்டுப் பெண் குடிமகளாகப் பதிவு செய்துகொள்ள வழியுண்டு, அந்நாட்டுப் பெண்ணை மணந்த நம்மூர்ப் பையனுக்கு அந்த வழி இல்லை. அமெரிக்காவில் 1907ஆம் ஆண்டுச் சட்டம், அயல்நாட்டானை மணந்த அமெரிக்கப் பெண்ணின் குடியுரிமையையே பறித்தது. கடற்பயணம் பெண்ணோடு கூடியதன்று எனத் தொல்காப்பியர் அகத்திணையியலில் விதித்தார். பிற்காலத்தில் பெண் கடல் கடந்தாள், சட்டங்கள் அவளைக் கணவனின் பெட்டியோடு பெட்டியாகவே எண்ணின.

பிள்ளைகள் விஷயம் இன்னும் சிக்கலானது. வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்குத் தாய்வழியாகவும் இந்தியக் குடியுரிமை வரலாம் என்பதே 1992 டிசம்பர் 10 முதல்தான். அதற்கு முன் தகப்பன் மட்டுமே கணக்கு. 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்த பிள்ளையாயின், ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். தவறினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். துபாயில் பிறந்த குழந்தைக்கு அந்த நாடு குடியுரிமை தருவதில்லை. பெற்றோர் பதிய மறந்தால் எந்த நாட்டின் கணக்கிலும் அது இல்லை. வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்ல இங்கே ஆளில்லை.

ஒரு வழக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தியத் தம்பதி ஒருவர் 1998இல் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றார்கள். அப்போது மனைவி நிறைசூலி. 1999இல் மகன் அங்கே பிறந்தான். வளர்ந்து பெரியவனானதும் இந்தியக் குடியுரிமையைத் திரும்பக் கேட்டான். சட்டத்தின் 8(2) பிரிவில் அதற்கொரு வாசல் உண்டு: பெற்றோர் குடியுரிமையைத் துறந்தால் மைனர் பிள்ளையும் அதை இழக்கும், ஆனால் பதினெட்டு நிறைந்த ஓராண்டுக்குள் ஓர் அறிவிப்பின் மூலம் திரும்பப் பெறலாம். கருவிலிருந்த சிசுவும் குழந்தையே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் அவன் பக்கம் தீர்ப்பளித்தது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பெற்றோர் 8ஆம் பிரிவின்படி முறையாகத் துறக்கவில்லை. வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றதால் 9ஆம் பிரிவின்படி தானாகவே இழந்தார்கள். ஆகவே 8(2) பொருந்தாது என்பது அதன் வாதம்.

சட்டத்தின் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டால் தீர்ப்பில் பிழை காண முடியவில்லை. என் முறையீடு சட்டத்தின் மீதுதான். தகப்பன் முதலில் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டுத் துறந்திருந்தால் பிள்ளைக்கு வாசல் திறந்திருக்கும். நேரே சிங்கப்பூர்க் கடவுச்சீட்டை வாங்கியதால் மூடிவிட்டது. நடைமுறையில் பெரும்பாலோர் செய்வது இரண்டாவதைத்தான். பெற்றோர் எந்த வரிசையில் காகிதங்களை நிரப்பினார்கள் என்பதில் பிள்ளையின் நாடு தொங்குகிறது. பெரம்பலூரிலிருந்து பிரிந்து 2001இல் மாவட்டமாகி, 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடி பிரிந்தது அரியலூர். விலாசம் மாறியது, எவரும் ஊரை இழக்கவில்லை. நாட்டு விஷயத்தில் அந்தத் தாராளம் கிடையாது.

இதுவரை சொன்னது, நாடு இரண்டு இருந்து எதை வைத்துக்கொள்வது என்று தடுமாறுவோர் கதை. பெரம்பலூர் நகரை ஒட்டிய துறைமங்கலத்தில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. தமிழக அரசு 2021இல் இத்தகைய முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. இந்திய மண்ணில் 1987 சூலை 1க்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி 2022இல் மதுரைக் கிளை ஆணையிட்டது இதை வைத்துத்தான். அத்தேதிக்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்தவருக்கு இருவரும் இந்தியராகவோ, ஒருவர் இந்தியராயிருந்து மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவர் அல்லாதவராகவோ இருக்க வேண்டும்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். 1990இல் சிறுமியாகப் படகில் வந்தவள் ஒருத்தி, கடவுச்சீட்டு ஏதுமின்றி. இந்த ஊர்ப் பையனை மணக்கிறாள். 2010இல் இந்த ஊரின் மருத்துவமனையிலேயே குழந்தை பிறக்கிறது. தகப்பன் இந்தியன், தாத்தா பாட்டி இந்தியர். ஆயினும் சட்டத்தை எழுத்தெண்ணிப் படித்தால் குழந்தை பிறப்பால் இந்தியன் ஆவதில்லை. தாயும் ஏழாண்டுக் கணக்கில் பதிவு கோர முடியாது. 2025 செப்டம்பரில் வந்த ஆணை, 2015 சனவரி 9 வரை வந்து தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கியது. நல்லது. ஆனால் அது குடியுரிமையைத் தருவதில்லை.

1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் மலையகத் தமிழர் ஒன்பதே முக்கால் லட்சம் பேரை இரு அரசுகள் பங்கிட்டுக்கொண்டன. இந்தியாவுக்கு ஐந்தேகால் லட்சம், இலங்கைக்கு மூன்று லட்சம், மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பின்னர் பார்த்துக்கொள்வது. உடன்பிறந்தோர் ஆளுக்கொரு பக்கமாகப் போன குடும்பங்கள் உண்டு.

இரு நாட்டு விசுவாசம் ஆபத்து என்ற வாதத்தை நான் புறந்தள்ளவில்லை. இலங்கை இரட்டைக் குடியுரிமையை அனுமதித்துக்கொண்டே, 2022ஆம் ஆண்டின் 21ஆவது திருத்தத்தால் அத்தகையோர் நாடாளுமன்றம் செல்வதைத் தடுத்திருக்கிறது. எல்லை வகுக்க வழி இருக்கிறது என்பதற்கு இதைச் சொல்கிறேன். பெரியவர்களுக்கு இரட்டைக் குடியுரிமை வேண்டுமா என்பதை நிதானமாக விவாதிக்கலாம். பிள்ளைகள் தொடர்பான இரு திருத்தங்களுக்கு அவ்வளவு காலம் வேண்டியதில்லை. 9ஆம் பிரிவின்படி குடியுரிமை இழந்தோரின் பிள்ளைகளுக்கும், அப்போது கருவிலிருந்தோர் உட்பட, 8(2)இன் வாசலைத் திறந்துவிடுவது ஒன்று. இந்தியத் தாய்க்கோ தகப்பனுக்கோ இந்த மண்ணில் பிறந்த குழந்தையின் உரிமையை, மற்றவர் எப்படி வந்தார் என்பதோடு முடிச்சுப் போடாதிருப்பது மற்றொன்று. வெளிநாட்டில் பிள்ளை பெறும் தாய்மாருக்கும் தந்தையருக்குரிய உரிமையைத் தர மலேசிய நாடாளுமன்றம் 2024இல் அரசியலமைப்பையே திருத்தியது. இங்கே சாதாரணச் சட்டத் திருத்தம் போதும்.