பெயர் ஒன்று, படம் இரண்டு!

செவ்வாய் கிரகத்தில் இருந்து பகைவர்கள் வருகிறார்கள். பூமியைத் தாக்குகிறார்கள். மனிதனுடைய பீரங்கிகளால் அவர்களை வெல்ல முடியவில்லை. கடைசியில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அவர்களைக் கொன்று விடுகின்றன.

1898-ம் ஆண்டில் எச்.ஜி.வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் வெளியிட்ட கதை இது. பெயர், "வார் ஆப் தி வேர்ல்ட்ஸ்". உலகங்களின் போர் என்று பொருள்.

2005-ம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் இந்தக் கதை அமெரிக்காவில் படமாக வந்தது. ஒரு படம் அல்ல, ஒரே வாரத்தில் இரண்டு படம்!

ஒன்றை எடுத்தவர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். கதாநாயகன் டாம் குரூஸ். செலவு சுமார் 13 கோடி டாலர். அது தியேட்டருக்கு வந்தது.

மற்றொன்றை எடுத்தது, கலிபோர்னியாவில் உள்ள "அசைலம்" என்ற சிறு கம்பெனி. டைரக்டர் டேவிட் மைக்கேல் லாட். அந்தப் படம் நேராக வீடியோ கடைக்குப் போயிற்று. "பிளாக்பஸ்டர்" என்ற வாடகைக் கடைக் கம்பெனி, ஒரு லட்சம் பிரதிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அவ்வளவு பெரிய ஆர்டரை அசைலம் அதுவரை கண்டதில்லை.

ஏன் இந்தக் கிராக்கி? பெரிய கம்பெனி பல கோடி செலவில் ஊர் முழுவதும் விளம்பரம் செய்திருந்தது. அந்தப் பெயர் எல்லோர் வாயிலும் இருந்தது. சிறு கம்பெனிக்கு விளம்பரச் செலவு மிச்சம். "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்பது இதுதான்!

இதில் சட்டப்படி குற்றம் இல்லை. அது பழைய கதை. அமெரிக்காவில் அதன் உரிமைக் காலம் முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் படமாக்கலாம்.

கோர்ட்டுக்குப் போன கப்பல்

2012-ல் யூனிவர்சல் கம்பெனி "பேட்டில்ஷிப்" என்ற படத்தை வெளியிட்டது. வேற்றுக் கிரகத்தார் கடலில் இறங்குகிறார்கள். ஒரு பழைய போர்க்கப்பல் அவர்களை எதிர்க்கிறது. செலவு 20 கோடி டாலருக்கு மேல்.

அசைலமும் கடலில் நடக்கும் வேற்றுக் கிரகப் போர் ஒன்றைப் படமாக்கியது. வைத்த பெயர், "அமெரிக்கன் பேட்டில்ஷிப்". யூனிவர்சல் வழக்குப் போட்டது. பெயர் "அமெரிக்கன் வார்ஷிப்ஸ்" என்று மாறியது. படம் மாறவில்லை!

அதே ஆண்டு நவம்பரில் "ஹாபிட்" என்ற பெயருக்காக வார்னர் கம்பெனி இதே அசைலத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. கோர்ட் தடை விதித்தது. வாங்குகிறவர் குழம்புவாரா என்பதுதான் இத்தகைய வழக்குகளில் முக்கியமான கேள்வி.

மலிவு குற்றமா?

குறைந்த பணத்தில் யுத்தப் படம் எடுப்பது எளிதல்ல. பத்து சிப்பாய்கள்தான் இருப்பார்கள். அவர்களே திரும்பத் திரும்ப ஓடுவார்கள். பகைவரின் விமானம் புகைக்குள் மறைந்திருக்கும். பட்டணம் அழிந்த செய்தியை ரேடியோவில் ஒருவர் சொல்வார். நாம் நம்பிக்கொள்ள வேண்டும்!

ஆனால் மலிவாக எடுத்தும் மரியாதை பெற்றவர் உண்டு. பிரிட்டிஷ் டைரக்டர் கேரத் எட்வர்ட்ஸ், 2010-ல் "மான்ஸ்டர்ஸ்" என்ற படத்தை எடுத்தார். செலவு சுமார் 5 லட்சம் டாலர்தான். முக்கிய நடிகர்கள் இருவர். மற்றவர்களில் பெரும்பாலோர் படம் பிடித்த இடத்து மக்கள். பூதங்களை அவரே தன் கம்ப்யூட்டரில் வரைந்தார். பிறர் படத்தின் பெயரை அவர் இரவல் வாங்கவில்லை. பிறகு "காட்சில்லா" என்ற பெரும் படம் அவரைத் தேடி வந்தது.

வாடகைக் கடைகள் இன்று அநேகமாக மூடப்பட்டுவிட்டன. இப்போது படம் வீட்டு டெலிவிஷனுக்கே இன்டர்நெட் வழியாக வருகிறது. ஒரே பெயருள்ள படங்கள் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பொத்தானை அழுத்திப் பணம் கட்டிய பிறகுதான், பிள்ளைகள் "டாம் குரூஸ் எங்கே?" என்று கேட்பார்கள். அழுத்துவதற்கு முன்பு பெயருக்குக் கீழே உள்ள சிறிய எழுத்தையும் படியுங்கள். ஆண்டு மட்டும் போதாது. இரண்டு செவ்வாய்ப் படங்களுக்கும் ஆண்டு 2005தான். டைரக்டர் பெயரைப் பாருங்கள்.