வெளியே போவதை யார் பார்ப்பது?

“நல்ல ஃபயர்வால் போட்டாச்சு, ஆன்டிவைரஸ் இருக்கு, இனி நம்ம டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகாது.” நிர்வாகிகளிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஊரார் தகவலைக் கையில் வைத்திருப்பவர்கள் இப்படி நம்பிக்கொண்டிருப்பது பொறுப்பின்மை.

2017-இல் அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸில் நடந்ததைப் பாருங்கள். மக்களின் கடன் வரலாற்றைச் சேர்த்துவைக்கும் நிறுவனம் அது. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளில் இருந்த ஓட்டைக்கு மார்ச்சிலேயே பேட்ச் வந்துவிட்டது. அதைப் போடாமல் விட்ட இடத்தின் வழியாக மே மாதம் திருடர்கள் நுழைந்தார்கள். 76 நாள் உள்ளேயே இருந்தார்கள். 48 டேட்டாபேஸ்களில் ஏறத்தாழ 9,000 முறை துழாவினார்கள். எடுத்ததைச் சுருக்கி, துண்டு துண்டாக்கி, என்க்ரிப்ட் செய்த அன்றாடப் போக்குவரத்தோடு கலந்து அனுப்பினார்கள். 14 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் பறிபோயின.

அந்தப் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கும் கருவி அங்கே இருக்கத்தான் செய்தது. என்க்ரிப்ட் ஆனதைப் பிரிக்க அதற்குத் தேவையான டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி, 19 மாதமாக அது எதையும் பார்க்கவில்லை என்கிறது பிரதிநிதிகள் சபைக் குழுவின் அறிக்கை. ஜூலை 29 அன்று சான்றிதழைப் புதுப்பித்தார்கள். உடனே திருட்டு கண்ணில் பட்டது.

‘பேட்ச் போட்டிருந்தால் போதுமே’ என்பார்கள். போட்டிருக்க வேண்டும்தான். ஆனால் பேட்சே வராத ஓட்டைக்கு என்ன செய்வது? பாஸ்வேர்டைத் திருடி முறையாக லாகின் செய்பவனை? உள்ளேயே சம்பளம் வாங்குபவனை? எவன் எப்படி வந்தாலும், எடுத்ததை வெளியே அனுப்பியாக வேண்டும். அவனைப் பிடிக்க நமக்கு மிஞ்சும் இடம் அதுதான்.

அங்கும் வேலை எளிதல்ல. இணையதளப் பெயரைச் சொல்லி முகவரி கேட்கும் டிஎன்எஸ் சேவையை எந்த அலுவலகமும் மூடிவைக்க முடியாது. திருடன் ஒரு டொமைனை வாங்கி, திருடிய தகவலை எழுத்துக் குவியலாக்கி, அந்தப் பெயருக்கு முன்னால் ஒட்டி, தான் புகுந்த கணினியை முகவரி கேட்க வைக்கிறான். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே 63 எழுத்து வரை திணிக்கலாம். பதில் வர வேண்டிய அவசியமே இல்லை. கேள்வி அவனுடைய சர்வருக்குப் போய்ச் சேர்ந்தால் தகவலும் போய்ச் சேர்ந்துவிட்டது. சாதாரண ஃபயர்வால் இதை வழக்கமான விசாரிப்பு என்று விட்டுவிடும். டிஎன்எஸ் லாகைத் திறந்து பார்ப்பவருக்கோ, ஒரே டொமைனின் கீழ் அர்த்தமற்ற நீளப் பெயர்கள் ஆயிரக்கணக்கில் நிற்பது தெரியும்.

அதற்குப் பார்க்க ஆள் வேண்டும். சம்பளப் பட்டியல் இருக்கும் சர்வர் வழக்கமாக யாரோடு பேசும், ராத்திரி 2 மணிக்கு எவ்வளவு அனுப்பும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கருவிக்கு லட்சக்கணக்கில் ஒதுக்கும் நிர்வாகம், லாக் படிக்க ஒரு ஆள் கேட்டால் வீண் செலவு என்கிறது. ஈக்விஃபேக்ஸிலும் கருவிக்குக் குறைவில்லை. காலாவதியான சான்றிதழ்கள் மட்டும் 300-க்கு மேல் கிடந்தன.