நோய் தாங்கும் கேழ்வரகைத் தேவனூர் நாட்டில் தேடுங்கள்

கேழ்வரகில் குலைநோய் எதிர்ப்பைத் தேடும் ஆய்வு கொல்லிமலையின் தேவனூர் நாட்டுக்கு வர வேண்டும். விதையை வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிடும் ஆய்வாக இருந்தால் பயனில்லை. நிரந்தரமாக ஒரு சோதனை வயல் வேண்டும். பருவந்தோறும் தங்கிப் பார்க்க ஆள் வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வேளாண் துறையும் இதை இனியும் தள்ளிப்போடக் கூடாது.

குலைநோய் என்ன செய்யும் என்பதைக் கேழ்வரகு போட்டவர்கள் அறிவார்கள். இலையில் கண் வடிவப் புள்ளிகளாகத் தொடங்கும். ஓரம் பழுப்பு, நடுவில் சாம்பல். அந்தக் கட்டத்தில் பயிர் தேறிக்கொள்வதும் உண்டு. கதிர் வந்தபின் கழுத்தில் இறங்கினால்தான் பெருங்கேடு. கதிருக்குக் கீழே காம்பு கறுத்துச் சுருங்கும். மேலே சத்து ஏறாது. தள்ளி நின்று பார்த்தால் விளைந்த கதிர் போலவே இருக்கும். கசக்கினால் கையில் பதரும் உமியும்தான். ஈரமும் பனிமூட்டமும் இந்தப் பூசணத்துக்கு உகந்தவை. மலையில் இரண்டுக்கும் குறைவில்லை. மருந்து இருக்கிறது. ஆனால், சரிவில் மானாவாரியாக விதைக்கும் மலையாளிப் பழங்குடி உழவர் தண்ணீரும் தெளிப்பானும் சுமந்து ஏறி மருந்தடித்தால் கட்டுப்படியாகாது. எதிர்ப்பு விதையிலேயே இருந்தாக வேண்டும்.

இருக்க முடியும் என்பதற்குச் சான்று உண்டு. 1990-களில் பெங்களூருவில் உருவான ஜிபியு 28 ரகம் குலைநோயைத் தாங்கியதாலேயே கர்நாடகத்தில் பரவியது. ஆப்பிரிக்கக் கேழ்வரகின் கலப்பில் பிறந்தது அது. பார்லியின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1937-38இல் ஜெர்மானிய ஆய்வுக்குழு ஒன்று எத்தியோப்பியாவில் திரட்டிய நாட்டு பார்லியில், சாம்பல் நோயைத் தடுக்கும் தன்மை இருந்தது. ‘எம்எல்ஓ’ என்று அதற்குப் பெயர். அதைச் சேர்த்த ரகங்கள் 1979 வாக்கில் ஐரோப்பிய வயல்களுக்கு வந்தன. வேறு எதிர்ப்பு மரபணுக்கள் பல சில ஆண்டுகளிலேயே தோற்றுப்போக, இது நாற்பது ஆண்டுகள் கடந்தும் நிற்கிறது. எத்தியோப்பிய உழவர்கள் அந்த விதையைக் கைவிட்டிருந்தால் ஆய்வுக்குழுவுக்கு எடுத்துச்செல்ல ஒன்றும் இருந்திருக்காது.

கொல்லிமலை உழவர்களும் அப்படித்தான் காத்துவருகிறார்கள். சுருட்டைக் கேழ்வரகு, சுண்டங்கிக் கேழ்வரகு, பெருங்கேழ்வரகு. சாமையில் சிட்டஞ்சாமை, பெருஞ்சாமை, திருகுலசாமை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே இவற்றைத் திரட்டியும், விதை வங்கி அமைத்தும், உமி நீக்கும் இயந்திரம் கொண்டுவந்து பெண்களின் உரல் வேலையைக் குறைத்தும் பணியாற்றியிருக்கிறது. அந்த அடித்தளத்தின் மீதுதான் நோய் ஆய்வு எழ வேண்டும். நாட்டு ரகம் என்பதாலேயே நோய் தாங்கும் என்று நம்பிவிடக் கூடாது. எளிதில் நோய் பிடிக்கும் ரகத்தை இடையிடையே விதைத்து, பூசணத்தை வேண்டுமென்றே பரவவிட்டு, எது நிற்கிறது, எது விழுகிறது என்று ஒவ்வொரு பருவமும் குறித்தால்தான் தெரியும்.

ஐதராபாத் இக்ரிசாட் விதை வங்கியில் ஆயிரக்கணக்கான கேழ்வரகு மாதிரிகள் இருக்கின்றனவே, அது போதாதா என்று சிலர் கேட்கலாம். அந்தச் சேமிப்பு அவசியம்தான். ஆனால், குளிர் அறையில் விதை மாறாமல் கிடக்க, வெளியே பூசணம் மாறிக்கொண்டே இருக்கிறது. வயலில் தொடர்ந்து விளையும் பயிரால்தான் அதற்கு ஈடுகொடுத்து மாற முடியும்.

கொல்லிமலையில் சிறுதானியம் விளைந்த நிலத்தில் குச்சிக்கிழங்கு ஏறியதற்கு உழவரைக் குறை சொல்ல மாட்டோம். ஜவ்வரிசி ஆலை பணம் தந்தது. சாமைக்கு அப்படி ஒரு சந்தை இல்லை. ஆனால், கிழங்குக்குத் தேமல் நோய் விதைக்குச்சி வழியாகவே தோட்டம் தோட்டமாகப் பரவுகிறது. 2020இல் இந்தியாவுக்குள் வந்த மாவுப்பூச்சி நாமக்கல், சேலம் கிழங்குக் காடுகளைச் சூறையாடியது. அதைக் கட்டுப்படுத்த ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து 2022இல் விட்டார்கள். நல்ல வேலை அது, பாராட்டுகிறோம். ஆலைக்குப் போகும் பயிருக்குக் காட்டிய அதே அக்கறையை, வீட்டில் களியாகும் பயிருக்கும் காட்டச் சொல்கிறோம்.

எத்தியோப்பியாவில் விதை திரட்டப்பட்ட காலத்தில் கொடுத்த உழவருக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை. நமக்கு, பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001 இருக்கிறது. நாட்டு ரகங்களைக் காத்தவருக்கு மரபணு நிதியிலிருந்து வெகுமதி பெறும் உரிமையை அது தருகிறது. எனவே, முதல் கலப்பு செய்யும் முன்பே தேவனூர் நாட்டு ரகங்கள் அந்த உழவர்களின் பெயரில் பதிவாக வேண்டும். நாட்டு ரகத்தைத் தொடர்ந்து விதைப்பவருக்கு, கிழங்கு போட்டிருந்தால் கிடைத்திருக்கும் வருமானத்தோடு உள்ள இடைவெளியை ஏக்கர் கணக்கில் அரசு கொடுக்க வேண்டும். விதைத் தேர்வில் பெண்களுக்கு இடம் வேண்டும். எந்தக் கதிரை விதைக்கு ஒதுக்குவது என்பதை அவர்கள் அறிவார்கள். 2023ஐச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவிக்க முன்மொழிந்தது இந்தியாதான். அதே முனைப்போடு, அடுத்த விதைப்புக்கு முன் தேவனூர் நாட்டில் சோதனை வயலுக்கு இடம் பார்த்து, நிதி ஒதுக்கி, அரசாணை வெளியிடுங்கள்.