நொய்யல் கரைக்கு நிதி கேட்பவர்களுக்கு

திருப்பூரில் எந்தக் கூட்டத்திலும், எந்த அமைச்சரிடம் கொடுக்கும் மனுவிலும், கொஞ்சம் காத்திருந்தால் இந்தக் கோரிக்கை வந்துவிடும்: நொய்யல் கரையை மேம்படுத்த அரசு நிதி ஒதுக்க வேண்டும். இரு கரையிலும் சுவர், நடைபாதை, பூங்கா, வண்ண விளக்கு, முடிந்தால் படகு. அகமதாபாத்தில் சபர்மதிக்குச் செய்தார்களே, நமக்கு ஏன் கூடாது என்கிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர், வெளிநாட்டு பையர் வந்தால் ஆற்றுப் பாலத்தில் காரின் கண்ணாடியை ஏற்றச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் அதில் இருக்கிறது. வருத்தம் நியாயமானது. ஆனால் கரைக்குப் பணம் வந்தால் ஆறு பிழைத்துவிடும் என்ற நம்பிக்கை தவறு. அதை எதிர்த்துப் பேசாமல் இருந்தால் இன்னும் சில நூறு கோடிகள் சிமெண்ட்டாகி ஆற்றோரம் நிற்கும்.

சபர்மதியிலிருந்தே தொடங்குவோம். அகமதாபாத்தில் 2005-இல் வேலை ஆரம்பித்து 2012-இல் கரை திறக்கப்பட்டது. படத்தில் பார்க்கும் அந்த நீர் சபர்மதியின் நீர் அல்ல. நர்மதைக் கால்வாயிலிருந்து கொண்டுவந்து ஊற்றி, வாஸ்ணா தடுப்பணையில் தேக்கி நிறுத்திய நீர். தடுப்பணைக்குக் கீழே போனால் ஊர்ச் சாக்கடையும் ஆலைக் கழிவும்தான் ஆறு. 2022-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட அறிக்கையில், சபர்மதியின் ஒரு பகுதியில் உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை லிட்டருக்கு 292 மில்லிகிராம். குளிக்கத் தகுந்த நீருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அந்தப் பட்டியலில் சபர்மதியைவிட மோசமாக இருந்தது நம் கூவம், 345. கூவத்துக்கும் ஒரு கரை மேம்பாட்டுக் கதை உண்டு. 1970-களின் தொடக்கத்திலேயே அதில் படகுத்துறை கட்டிப் படகு விட்டார்கள். படகு நின்றுவிட்டது, சாக்கடை நிற்கவில்லை.

நமக்கு நர்மதையும் இல்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் மழைக்காலத்தில் மட்டும் ஆறு. மற்ற மாதங்களில் திருப்பூருக்குள் ஓடுவது கோவையிலிருந்து வருவதும் நாம் விடுவதும். கரையோரம் நடக்கிறவர் கண்ணுக்கு நீர் தெரிய வேண்டுமென்றால் அதைத் தேக்க வேண்டும். அதைத் தேக்கினால் என்ன ஆகும் என்பதை இந்த வட்டாரம் ஏற்கெனவே பார்த்துவிட்டது. நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவுத் தொட்டியானது. கிணறுகள் உப்பாயின, தென்னை காய்ந்தது, மாடு அந்தத் தண்ணீரில் வாய் வைக்கவில்லை. அணை வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டிய விவசாயிகளே நீரைத் தேக்காதே, மதகைத் திற என்று போராடினார்கள். தமிழ்நாட்டில் வேறெந்த அணைக்கும் இந்தக் கதி வந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதுவும் அரசுப் பணத்தில் கட்டியதுதான்.

பின்னர் நொய்யலுக்குக் கிடைத்த கொஞ்ச நஞ்ச நன்மையைக் கொண்டுவந்தது எந்த மேம்பாட்டு நிதியும் அல்ல. ஆயக்கட்டு விவசாயிகள் 2003-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006 டிசம்பரில் நீதிமன்றம் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்று கெடு வைத்தது. அதுவரை விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசா, பிறகு 8, பிறகு 10 என்று அபராதம் விதித்தது. 2009-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் நடக்காததால் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மொத்தமாக மூடச் சொல்லி உத்தரவு வந்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். அந்த மாதங்களில் வேலை இழந்து ஊர் திரும்பியவர்களைத் திருப்பூர் மறந்திருக்காது. அந்த வலிக்குப் பிறகுதான் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் ஒழுங்காக இயங்கத் தொடங்கின. நீரைப் பிரித்து மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துவதும், உப்புக் கரைசலை மீட்பதும் வழக்கமாயின. அப்போது மாநில அரசு வட்டியில்லாக் கடனாக ஏறத்தாழ 200 கோடி ரூபாய் கொடுத்தது. அரசுப் பணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பணம் திருப்பிக் கட்ட வேண்டிய கடன், குழாய்க்கும் ஆவியாக்கும் இயந்திரத்துக்கும் போனது, பலன் லிட்டர் கணக்கில் அளக்கக்கூடியது. இன்றும் மழை பெய்யும் இரவில் சாயநீரைத் திருட்டுத்தனமாகத் திறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நடைபாதை அவர்களைத் தடுக்காது.

பக்கத்து ஊரைப் பாருங்கள் என்று சொல்வார்கள். பார்ப்போம். கோவையில் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், முத்தண்ணன்குளம் எல்லாம் கரை கட்டப்பட்டு அழகாயின. மாலையில் கூட்டம் வருகிறது, குழந்தைகள் ஓடுகிறார்கள், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் குளத்துக்குள் சாக்கடை கலப்பது நிற்கவில்லை, ஆகாயத்தாமரையும் போகவில்லை. கரையில் குடியிருந்த ஏழைகள் கீரணத்தத்துக்கும் மலுமிச்சம்பட்டிக்கும் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். வேலை ஊருக்குள், வீடு பல கிலோமீட்டர் வெளியே. நொய்யல் கரையில் நாளை பூங்கா வந்தால் முதலில் காலி செய்யப்போவது பனியன் கம்பெனியில் செக்கிங்குக்கும் கைமடிக்கவும் போகிற பெண்களின் வீடுகளைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் விடுமுறை, தொழிலாளி உட்கார ஓர் இடம் வேண்டாமா என்று கேட்கிறார்கள். வேண்டும். எதிர்த்தரப்பு சொல்வதில் என்னால் மறுக்க முடியாதது இது ஒன்றுதான். அதற்கு நாற்றமடிக்கும் ஆற்றின் ஓரத்தில் கிரானைட் இருக்கை தேவையில்லை. ஒவ்வொரு வார்டிலும் நிழலுள்ள ஒரு திடல் போதும், செலவும் சொற்பம். நம் ஊர் நஞ்சராயன் குளத்தைப் பாருங்கள். 2022-இல் பறவைகள் சரணாலயம், 2024 ஆகஸ்டில் சர்வதேச ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம். அங்கே பறவை வந்தது விளக்கு பார்த்து அல்ல. நீர் நின்றது, கரை மரம் நின்றது, யாரும் அதைச் சுவர் கட்டி நெருக்கவில்லை.

நெருக்குவதைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2011 நவம்பரில் ஓர் இரவு மழையில் இந்த ஊரின் ஓடை பெருகிக் கரையோர வீடுகளை அடித்துக்கொண்டு போனது, உயிர்கள் போயின. ஜம்மனை ஓடையிலும் மற்ற பள்ளங்களிலும் வரும் வெள்ளத்துக்கு விரிய இடம் வேண்டும். கரை மேம்பாடு என்ற பெயரில் ஆற்றின் அகலத்தைச் சுவருக்குள் அடைப்பது அந்த இடத்தைப் பறிப்பதாகும்.

நிதி இனாம் என்ற எண்ணமும் பொய். ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் 2017-இல் திருப்பூர் தேர்வானபோது மத்திய அரசு தந்ததற்கு ஈடாக மாநிலமும் போட வேண்டியிருந்தது. கட்டி முடித்ததும் பராமரிப்பு மாநகராட்சியின் தலையில். விளக்கு, காவலாளி, செடிக்குத் தண்ணீர் எல்லாம் சொத்து வரியிலிருந்து போக வேண்டும். அதே மாநகராட்சியில் பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத வீடுகளின் கழிவு பள்ளத்தில் விழுந்து நொய்யலுக்கு வருகிறது.

ஆகவே நிதி கேளுங்கள், வேறொன்றுக்குக் கேளுங்கள். ஜம்மனை ஓடையிலும் நல்லாற்றிலும் நொய்யலிலும் எத்தனை வாய்க்கால்கள் சாக்கடை கொண்டுவந்து கொட்டுகின்றன என்று எண்ணி, ஒவ்வொன்றையும் அடைக்கக் கேளுங்கள். வீட்டு இணைப்புக்குக் கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையங்களில் மலையாகக் குவிந்துகிடக்கும் கலப்பு உப்புக்கு வழி காணக் கேளுங்கள். ஆற்றின் நீரை மாதாமாதம் சோதித்து முடிவை வார்டு அலுவலகத்தில் ஒட்டச் சொல்லுங்கள். திட்ட அறிக்கை தயாராகும்போது திருப்பூரின் தொழிலதிபர்களையும் கட்டடக் கலைஞர்களையும் மட்டும் கூப்பிடாமல், ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே நொய்யல் காவிரியில் சேரும் கரூர் வரை உள்ள பாசன விவசாயிகளையும் கூப்பிடுங்கள். நாம் விடும் தண்ணீர் அவர்கள் வயலுக்குத்தான் போகிறது. அவர்கள் கையெழுத்து இல்லாத எந்தத் திட்டத்துக்கும் அரசு பணம் தரக் கூடாது.