பெயின்ட் மேல தப்பில்லை... அடியில இருக்கிற பிளாஸ்டிக்கைப் பாருங்க!

பழவேற்காடு ஏரிக்கரையின் கோட்டைக்குப்பம் மாதிரியான மீனவக் கிராமங்களில், பிளாஸ்டிக்குக்குப் பெயின்ட் அடிப்பது புது வேலையே இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு, தமிழகக் கடற்கரை முழுக்கவே கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் பெருமளவு பிடித்துக்கொண்டன. ஃபைபர் என்பதும் ஒரு வகை பிளாஸ்டிக்தான். கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்தது. மெழுகைத் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்தால் கடல் தண்ணீரிலேயே தாக்குப்பிடிக்கும். ஆனால், அதே ஆள், அதே கவனத்தோடு செகண்ட் ஹேண்ட் காரின் கதவு உள்பக்கத்துக்கு ஸ்ப்ரே அடித்தால், இரண்டே மாதத்தில் வெயிலில் காய்ந்த தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். கடலைத் தாங்குகிற பெயின்ட், காருக்குள் ஏன் தாங்கவில்லை?

பதிலும் படகிலேயே இருக்கிறது. தண்ணீரில் போட்டால் மிதக்கிற கயிறு இருக்கிறதல்லவா, பெரும்பாலும் அது பாலிபுரொப்பிலீன். நைலான் கயிறு மூழ்கும், இது மூழ்காது. கார் கதவின் உள்பலகை, தூண்களை மூடியிருக்கும் பட்டைகள், சீட்டுக்கு அடியில் வரும் மூடிகள் எல்லாம் பெரும்பாலும் இதே பாலிபுரொப்பிலீன்தான். 1954-ல் இத்தாலியின் ஜூலியோ நாட்டா இதை உருப்படியான பிளாஸ்டிக்காக உருவாக்கினார். 1963-ல் ஜெர்மனியின் கார்ல் ஸீக்லரோடு சேர்ந்து நோபல் பரிசும் வாங்கினார். எடை குறைவு, விலை மலிவு, எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. அந்த 'ஒட்டாது' என்பதில்தான் சிக்கல். சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் உருள்வது மாதிரி, இதன் மேல் பெயின்டும் பிடிமானம் இல்லாமல்தான் உட்கார்ந்திருக்கும். காய்ந்ததும் பார்க்க அழகாக இருக்கும். ஒரு நகக்கீறல் போதும், ஏடு ஏடாக வந்துவிடும்.

அதனால், கடைக்குப் போய் கலர் பார்ப்பதற்கு முன்னால் பாகத்தைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். எதிரெதிரே பார்க்கும் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவில் எழுத்துகள் இருக்கும். பிளாஸ்டிக்கின் பெயரைப் பாகத்திலேயே பொறிக்கச் சொல்லும் ஐ.எஸ்.ஓ. 11469 தரவிதிப்படி போடப்படும் அடையாளம் அது. 'பி.பி.' என்று இருந்தால் பாலிபுரொப்பிலீன். 'ஏ.பி.எஸ்.' என்று இருந்தால் உங்களுக்கு யோகம். அதில் பெயின்ட் நன்றாகப் பிடிக்கும். ஏ.சி. காற்று வரும் இடத்தைச் சுற்றியுள்ள பளபளப்பான சட்டங்கள் பலவும் இந்த ரகம்தான்.

எழுத்து அழிந்திருந்தால் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். நம்ப வேண்டாம். கார் பாகங்களுக்கான பாலிபுரொப்பிலீனில் விறைப்புக்காக டால்க் மாவு கலந்திருப்பார்கள். ஐந்தில் ஒரு பங்கு டால்க் இருந்தாலே அதுவும் மூழ்கிவிடும். அதைவிட, கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தில் பஞ்சில் ஒரு சொட்டு அசிட்டோன் தொட்டுத் தேய்க்கலாம். பிசுபிசுவென இளகினால் ஏ.பி.எஸ்.; எதுவுமே ஆகாவிட்டால் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். இந்தச் சோதனை பின்பக்கத்தில் மட்டும். முன்பக்கத்தில் செய்துவிட்டு வருத்தப்படாதீர்கள்.

பழைய கார்களில் இன்னொரு தொல்லை உண்டு. கதவுக் கைப்பிடி, பவர் விண்டோ சுவிட்ச் பலகை இவற்றைத் தொட்டால் கையில் வெல்லப்பாகு மாதிரி ஒட்டும். அழுக்கு என்று நினைத்து சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்துபோனவர்கள் ஏராளம். அது அழுக்கே இல்லை. தொட்டால் மெத்தென்று இருக்க வேண்டும் என்று கம்பெனியில் பூசிய பாலியூரித்தேன் பூச்சு, காற்றின் ஈரத்தால் வேதியியல்ரீதியாகச் சிதைந்துபோன நிலை. கடலோர ஈரக்காற்றும் மூடிய காரின் வெப்பமும் சேர்ந்தால் இது சீக்கிரமே வரும். இதன் மேல் பெயின்ட் அடிப்பது சேற்றின் மேல் சுவர் எழுப்புவது மாதிரி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, பொறுமையாகப் பல தடவை துடைத்து, பூச்சை முழுக்க எடுத்துவிட வேண்டும். பல கார்களில் அடியில் சுத்தமான கறுப்பு பிளாஸ்டிக் வெளியே வரும்; பெயின்டே தேவைப்படாது!

இனி வேலை. பாகத்தைக் கழற்றிப் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவுங்கள். கடைசி அலசல் கட்டாயம் நல்ல தண்ணீரில். உப்புத் தண்ணீரில் அலசினால், காய்ந்த பிறகு தங்கும் உப்பு, பெயின்டுக்கு அடியில் இருந்துகொண்டே ஈரத்தை இழுத்துக் கொப்புளம் எழுப்பும். பிறகு 400 அல்லது 600 உப்புத்தாளை நனைத்துத் தேய்க்கவும். மேற்பரப்பில் தோல் மாதிரி வரிகள் இருந்தால் உப்புத்தாள் வேண்டாம், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் போதும். தேய்ப்பது வழுவழுப்பாக்க அல்ல, பளபளப்பைக் கொல்ல. மறுபடி ஆல்கஹால் துடைப்பு.

பாலிபுரொப்பிலீனாக இருந்தால் அடுத்ததாக அட்ஹீஷன் புரொமோட்டர். வெறும் 'பிளாஸ்டிக் பிரைமர்' என்று கேட்டு வாங்காதீர்கள். டப்பாவில் பாலிபுரொப்பிலீனுக்கு என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். மெல்லிசாக ஒன்றிரண்டு கோட். இதில் நேரம்தான் முக்கியம். பல ரகங்களில் அது முழுக்கக் காய்ந்துவிடுவதற்குள் பெயின்ட் ஏறிவிட வேண்டும். எத்தனை நிமிடம் என்பது டப்பாவிலேயே போட்டிருக்கும். பழவேற்காட்டு மீனவர்கள் ஏரியில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' முறை மாதிரிதான் இது. முந்தவும் கூடாது, தன் முறையைத் தவறவும் விடக் கூடாது.

ஸ்ப்ரே டப்பாவுக்கே ஒரு குடும்பக் கதை உண்டு. 1949-ல் அமெரிக்காவின் எட்வர்ட் சீமோர், தான் தயாரித்த அலுமினிய பெயின்டை எப்படிக் காட்டி விற்பது என்று யோசித்தபோது, டப்பாவில் அடைத்துப் பீய்ச்சலாமே என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி போனி. அந்த டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பாகத்துக்கு வெளியே ஆரம்பித்து வெளியே முடியும்படி கையை ஓட்டுங்கள். முதல் கோட் பனி படர்ந்த மாதிரி இருந்தால் போதும். அடி தெரிகிறதே என்று பதறி, ஒரே கோட்டில் மூட நினைப்பதில்தான் பாதி வேலை கெட்டுப்போகிறது. 10 நிமிட இடைவெளியில் மூன்று, நான்கு மெல்லிய கோட்டுகள்.

இவ்வளவு செய்தும் சொதப்பலாம். அடித்த உடனே சின்னச் சின்ன வட்டமாகப் பெயின்ட் விலகி, குழி குழியாகத் தெரிந்தால் அதற்குத் தொழிலில் 'ஃபிஷ் ஐ' என்று பெயர், அதாவது மீன் கண். காரணம் பெரும்பாலும் சிலிக்கான். டேஷ்போர்டு பளபளக்கட்டும் என்று வருஷக்கணக்கில் பூசிய பாலிஷிலிருந்து வருவது. மேலே இன்னொரு கோட் அடித்தால் கண் மூடாது. காயவிட்டு, தேய்த்து, சிலிக்கான் எடுக்கும் வாக்ஸ் ரிமூவரால் துடைத்து, முதலிலிருந்து வர வேண்டும். தேய்ப்பதற்கு முன்னாலேயே துடைத்திருந்தால் இந்த வேலை மிச்சம். தேய்த்த பிறகு என்றால், கீறல்களுக்குள் சிலிக்கானை நாமே திணித்துவிட்டோம் என்று அர்த்தம்.

பால் படர்ந்த மாதிரி வெளுத்துப்போனால் அது ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஏரிக்கரை ஊர்களில் இது சகஜமாக வரக்கூடியது. காய்ந்த நாள் ஒன்றில் மேலே லேசாக ஒரு கோட் அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு வந்தால், தூரத்திலிருந்து அடித்திருக்கிறீர்கள், அல்லது பாகம் சூடாக இருந்திருக்கிறது. வழிந்திருந்தால் கிட்டே பிடித்திருக்கிறீர்கள். ஈரத்தோடு விரலால் துடைக்காமல், முழுக்கக் காய்ந்ததும் தேய்த்துவிட்டு அந்த இடத்தை மட்டும் அடிக்கலாம். கடற்கரை ஊர்களில் நல்ல நேரம், பனி உலர்ந்த பிறகு, மதியக் கடல்காற்று மணலோடு கிளம்புவதற்கு முன்.

சில இடங்களைத் தொடவே கூடாது. ஸ்டீயரிங் நடுவிலும், டேஷ்போர்டிலும், தூண்களிலும் 'ஏர்பேக்' என்று எழுதியிருக்கும் மூடிகளுக்குப் பெயின்ட் வேண்டாம். அவை குறிப்பிட்ட கோட்டில் கிழிந்து திறக்கும்படி செய்யப்பட்டவை. டேஷ்போர்டு மேல்பக்கத்துக்குப் பளபளப்பு பெயின்டும் வேண்டாம். வெயிலில் அது கண்ணாடியில் பிரதிபலித்து ரோட்டையே மறைக்கும். ஹார்டனர் கலந்து அடிக்கும் இரண்டு டப்பா பெயின்டுகளில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கெடுதல். அது முறையான முகக்கவசமும் காற்றோட்டமும் உள்ள பெயின்டர் வேலை, வீட்டு வாசல் வேலை அல்ல. சாதாரண டப்பாவாக இருந்தாலும் ஆவிக்கான வடிகட்டி உள்ள மாஸ்க் போட்டு, திறந்தவெளியில், அடுப்புக்கும் பீடிக்கும் தள்ளி, குழந்தைகள் இல்லாத இடத்தில் அடியுங்கள். அடித்த பாகத்தை அன்றே மாட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்தினால் அத்தனை வாடையும் குடும்பத்துக்குத்தான். ஒரு வாரமாவது வெளியே காயட்டும்.

வெறுமனே நிறம் மங்கியிருக்கிறது, உரியவில்லை என்றால் பெயின்ட் யோசனையையே விட்டுவிடலாம். உடைந்த, ஆழமாகக் கீறிய பாகமாக இருந்தால், டப்பா, புரொமோட்டர், உப்புத்தாள், ஒரு வார உழைப்பு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, சென்னை புதுப்பேட்டையில் அதே மாடலின் பழைய பாகம் என்ன விலை என்று ஒரு நடை கேட்டுவிடுங்கள். அடித்தே ஆக வேண்டும் என்றாலும் அதே புதுப்பேட்டையில் உடைந்த கதவுப் பலகை ஒன்றை வாங்கி, முதலில் அதில் அடித்துப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, செலோ டேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் பெயின்ட் வராவிட்டால் காரில் கை வைக்கலாம்.