கேளாச் செவி

இளமைக்கும் முதுமைக்கும் இடையே எழும் பிணக்கைப் பேசும் துன்பியல் நாடகங்களுள், கிரேக்கப் புலவர் சோஃபக்ளீஸ் கி.மு. 441ஆம் ஆண்டளவில் படைத்த ‘அன்டிகனி’ முதல் வரிசையில் நிற்பது.

தாய்நாட்டின்மீது படையெடுத்து வந்து மாண்ட பாலினைசீஸின் உடலை அடக்கம் செய்யலாகாது என்பது தீப்ஸ் மன்னன் கிரியோனின் ஆணை. அதனை மீறி, உடன்பிறந்தான் உடலுக்கு மண் தூவினாள் அன்டிகனி. அவளை உயிரோடு கல்லறையில் அடைக்கப் பணித்தான் மன்னன். அவளை மணக்கவிருந்தவன் மன்னனின் மகன் ஹீமோன்.

ஹீமோன் எடுத்த எடுப்பில் சினக்கவில்லை. வெள்ளத்தில் வளைந்து கொடுக்கும் மரம் பிழைப்பதையும், பாய்மரக் கயிற்றைத் தளர்த்தாதவன் கலம் கவிழ்வதையும் காட்டிப் பணிவோடு பேசுகிறான். ஊரார் அவளுக்காக மறைவில் வருந்துவதையும் உரைக்கிறான். இருவர் பேச்சிலும் நன்மை உண்டென்கிறது முதியோர் குழு. மன்னனோ, இந்த வயதில் இவனிடமா பாடம் கேட்பது எனச் சீறுகிறான்.

இதைக் கொண்டு, இளமையே அறிவுடையது, முதுமை பிழையுடையது என முடிவு கட்டுவோர் உளர். நாம் அதற்கு உடன்படோம். பின்னர் வரும் டைரீசியஸ் பழுத்த முதியவர், பார்வையற்ற நிமித்திகர். அவரும் மன்னனை மனம் மாறுமாறே வேண்டுகிறார். அவரைக் கைப்பிடித்து அழைத்து வருபவன் ஒரு சிறுவன். பலிபீடத்தில் தீ பற்றாத தீக்குறியை அவருக்குக் கண்டு சொன்னவனும் அவனே. சிறுவனின் கண்ணும் முதியவரின் அறிவும் கூடிய இடத்தில் உண்மை புலப்படுகிறது. கிரியோன் அவரையும் பொருளுக்கு விலைபோனவர் எனத் தூற்றுகிறான். மகனைத் தள்ள வயது ஒரு சாக்கு. முதியவரைத் தள்ளப் பணம் ஒரு சாக்கு. ஆகவே குற்றம் முதுமையினது அன்று, கேளாச் செவியினது.

இளைஞருக்கும் இங்கே படிப்பினை உண்டு. பணிவோடு தொடங்கிய ஹீமோன், இறுதியில் தந்தைமீதே வாளோங்குகிறான். அது தவறவே, தன்னையே மாய்த்துக்கொள்கிறான். செய்தி கேட்ட தாயும் உயிர் துறக்கிறாள். கிரியோன் மனம் மாறியது உண்மையே. ஆயினும், பெண்ணை முதலில் விடுவிக்க முதியோர் கூறியிருந்தும், பிணத்தை அடக்கம் செய்த பின்னரே கல்லறைக்குச் சென்றான். அதற்குள் அவள் தூக்கிட்டு இறந்திருந்தாள்.

படிப்பு, தொழில், திருமணம் பற்றிப் பிள்ளைகள் வாய்திறக்கும்போது, ‘உனக்கென்ன தெரியும்?’ என்ற சொல் பெரியோர் நாவில் எளிதில் எழுகிறது. அச்சொல்லை ஒரு கணம் நிறுத்தி, பிள்ளை சொல்வதை முழுதும் கேட்குமாறு பெரியோரை வேண்டுகிறோம். மாணவர்களோ, முதல் மறுப்பிலேயே பணிவைக் கைவிடலாகாது. பெரியவர் கைப்பற்றி நடந்த அச்சிறுவனும் இந்நாடகத்தின் இளைஞனே என்பதை அவர்கள் மறவாதிருப்பார்களாக.